நேர்ச்சாலையில் ஒரு வளைவு

ராத்திரி மணி இரண்டு பத்து. நத்தம் பக்கம் புதிதாகப் போடும் சாலை, கோடு கிழித்ததுபோல நேராக... ஆள் இல்லை. ரோலரின் மேல் முருகேசன் மட்டும். இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் நம் பிரபுவின் தாய்மாமன்தான். நம்பாதவர்கள் தாராளமாகத் தனியே எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

அடியில் கிடந்தது பழைய தார். விபத்து வளைவு ஒன்றிலிருந்து சுரண்டியது. ஜல்லியோடு கலந்து அடித்தளமாகப் போட்டால், கல்லுக்காக உடைக்கிற மலை மிச்சம் என்றார் எஞ்சினியர். நியாயம்தான். ஆனால் ஆள் செத்த இடத்துத் தாரை வேலைக்காரர்கள் தனியாகக் கொட்டிவிடுவது வழக்கம்.

சாயங்காலமே, ஜல்லி சுமக்கும் இன்னாசியம்மாள் கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். "ஏலே, அந்த லோடு வேணாம்லே. அது வளைவுத் தாரு!"

"வளைவ நிமித்தத்தானக்கா ரோலரு இருக்கு" என்றான் முருகேசன். காலையில் நாகல் நகர் மண்டபத்தில் தம்பி முகேஷ்குமாருக்குக் கல்யாணம். வேறு லோடுக்குக் காத்திருக்க நேரமில்லை.

உருட்டினான். ஜல்லி கரகரவென்றுதான் நொறுங்கும். இது... நறுக். நறுக். குளிர்ந்த தாரிலிருந்து பெட்ரோல் வாடை. பிறகு ரத்த வாடை.

தூரத்தில் பைக் வெளிச்சம். மாப்பிள்ளையே வந்துகொண்டிருந்தான், கையில் காப்புக் கயிற்றோடு.

"அண்ணே! ஆறு மணிக்கு முகூர்த்தம், இன்னும் ரோட்ட தேச்சுக்கிட்டு இருக்க!"

சொல்லி முடிக்கவில்லை. பைக் சாய்ந்தது, வளைவில் சாய்வதுபோல. நேர்ச்சாலையில். புளியமரத்தில் மோதித் தெறித்து, ரோலருக்கு முன்னால் விழுந்தான். தொடை எலும்பு வெளியே நின்றது.

முருகேசன் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். ரோலர் இடப்பக்கம் போனது. சாவியைப் பிடுங்கினான். எஞ்சின் நின்றது... உருளை நிற்கவில்லை. நடக்கிற வேகம்தான். அவசரமே இல்லை.

"அண்ணே, நிறுத்துண்ணே... அண்ணே!"

குதித்தான். தம்பியின் கையைப் பிடித்து இழுத்தான். பாதங்கள் போயின. முழங்கால்கள். இடுப்பு உடையும் சத்தம் நத்தம் வரைக்கும் கேட்டிருக்கும். அலறல் நின்றது. முருகேசன் இழுப்பதை நிறுத்தவில்லை. கை மட்டும் வந்தது.

விடிந்ததும் தோண்டிப் பார்த்தார்கள். உடல் இல்லை. நான்கடி ஆழம் வரை பழைய தார்தான், வெதுவெதுப்பாக.

முருகேசன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், அந்தக் கையோடு.

"விட்ருப்பு... போயிட்டான்ல, விட்ரு" என்று இன்னாசியம்மாள் அவன் விரல்களைப் பிரிக்கக் குனிந்தாள்.

அவன் விரல்கள் எப்போதோ விரிந்துதான் கிடந்தன. அவனைப் பிடித்திருந்தது அந்தக் கைதான். மெல்ல... சாலைப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.