கம்பங்கொல்லையில் தொங்கிய படங்கள்

சி.டி.யை வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். படம் அதற்குள் ஒரே கோடாக, கொசுவத்திச் சுருளைப் போலச் சுற்றிச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது. கீறல் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளிதான் போகும். விட்டுப்போனதைக் கருவியே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். கோட்டோடு கோடாகக் கீறல் விழுந்தால் தொடர்ந்து போய்விடும், நிரப்ப முடியாது. உங்கள் மேசைமேல் இருக்கும் சி.டி.யை ஏட்டு சட்டை நுனியால் வட்டமாகத் தேய்த்தார். அதனால்தான் சொன்னேன் சார், வேறொன்றுமில்லை.

நான் ஜினசேனன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திருமணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் அப்பு நயினார் வீட்டிலேயே இருந்தேன். அண்ணி இறந்து வெகுகாலம் ஆகிறது. அவர்கள் மகள் யமுனா சென்னையில் இருக்கிறாள். புகார் கொடுத்தவள் அவள்தான். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

படங்களைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம் அறையெடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் இடமில்லாததை விட்டுவிட்டுப் போவார்கள். செங்கம் சாலையில் அறை வாடகைக்கு விடும் ராணியம்மாள் எனக்காகப் படங்களை எடுத்துவைப்பாள். மலை உயர மிருகம் ஒன்று கடலிலிருந்து எழுந்துவந்து நகரத்தை மிதிக்கும் படம் அப்படிக் கிடைத்ததுதான். இரண்டு சி.டி. ஒரு ஜப்பான்காரர் விட்டுப்போனது. "தியானத்துக்கு வந்தவரு இந்தப் பூதத்தை எதுக்கு சார் கூடவே இட்டுனு வந்தாரு?" என்று ராணியம்மாள் சிரித்தாள்.

வாங்கியதில் பெரும்பாலானவற்றை நான் பார்க்கவில்லை. ஓட்டினால் தேயும் என்ற பயமல்ல. ஒளிதான் படுகிறது, ஊசி எதுவும் உரசுவதில்லை, ஆயிரம் முறை ஓட்டினாலும் தேயாது. பார்த்துவிட்டால் அது பார்த்த படமாகிவிடும், அவ்வளவுதான். பார்க்காத வரை ஒவ்வொன்றும் முழுதாக எனக்காகக் காத்திருந்தது. என் வாழ்க்கையில் எனக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான்.

அண்ணனுக்கு இது வேடிக்கை. "பொண்ணு பாத்துட்டு வேணாம்னு வந்தவன்தானேடா நீ. படத்தை வாங்கிட்டு பாக்காம வைக்கறது உனக்குப் புதுசா?" என்பார், ஆட்கள் எதிரிலேயே. அவர்தான் என்னைப் படிக்கவைத்தவர், அதனால் நானும் சிரிப்பேன்.

பங்குனியில் நான் ஒரு திருமணத்துக்காக வந்தவாசி போய்த் திரும்பினேன். பேருந்திலிருந்து இறங்கி வரும்போது எங்கள் கம்பங்கொல்லை மினுமினுத்தது. கிளி விரட்ட அண்ணன் வரப்போரம் கழி நட்டுக் கயிறு கட்டியிருந்தார். கயிற்றில் என் படங்கள் தொங்கின. உறை பிரிக்காதவற்றையும் பிரித்துக் கோத்திருந்தார். காற்றடிக்கும்போது ஒன்றோடொன்று மோதிச் சுழன்றன.

"ஒரு கிளி கிட்ட வரல பாரு," என்றார் அண்ணன். "கல்லால அடிக்க வேணாம், மருந்து வைக்க வேணாம். ஒரு உசுருக்கும் கேடு இல்ல. பாவமே இல்லாத வேலைடா சேனா."

"அது என்னோடது அண்ணா."

"உன்னோடதுதான், யாரு இல்லன்னா? எத்தினி வருசமா தகரப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. இப்பத்தான் அதுங்க வெளிச்சத்தைப் பாக்குது."

களையெடுத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள், "டிக்கெட் இல்லாமலே எல்லாப் படத்தையும் பாத்துட்டோம் சார்," என்றாள். கொல்லையே சிரித்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. வெயில் பிளாஸ்டிக்கை எப்படி வளைக்கும், மோதும்போது கீறல் எந்தத் திசையில் விழும் என்று அவருக்கு விளக்கினேன். நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் வாய்க்கால் மடையைத் திருப்பப் போய்விட்டார். எல்லாவற்றையும் அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் கிளிகள் வந்தன. அண்ணன் எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். அப்படி நின்ற நாட்களில் ஒன்றில்தான் விழுந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரத்தக் கொதிப்பு என்று மருத்துவரே சொன்னார்.

வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. இடக்கை மட்டும் அசைந்தது. மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவருக்கு ஓர் அழைப்பு மணி அமைத்தேன். கட்டிலோடு கட்டிய ஸ்விட்ச், அங்கிருந்து கூடத்துக்கு வயர், கூடத்தில் மணி. விரல் பட்டாலே அழுந்தும்படி ஸ்பிரிங்கைத் தளர்த்தியிருந்தேன். யமுனா, "சித்தப்பா இருக்கறப்ப அப்பாவுக்கு என்ன கவலை," என்று சொல்லிவிட்டுத்தான் சென்னைக்குத் திரும்பினாள்.

அதன் பிறகு நான் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஆசைக்காக அல்ல. எது பிழைத்தது, எது போயிற்று என்று தெரிய வேண்டாமா? ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொன்றும் சிறிது ஓடும், பிறகு முகங்கள் சதுரம் சதுரமாக உடையும், குரல் இழுக்கும், நிற்கும். வருடக்கணக்காகக் காப்பாற்றிய படத்தை முதல்முறையாகப் பார்க்கிறேன். பாதியில் ஒரு கிளிக்காக நின்றுபோகிறது. சரியாக அந்த நேரத்தில் மணி அடிக்கும். கஞ்சி. தண்ணீர். திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மறுபடி தண்ணீர்.

மணியின் ஓசை படத்தின் ஓசையைக் கெடுத்தது. எனவே மணியைக் கழற்றிவிட்டு அதே வயரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கைப் பொருத்தி டி.வி.க்கு மேலே வைத்தேன். அவர் அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். ஓசை இல்லை. எளிய ஏற்பாடு.

விரதம் பற்றிக் கேட்டீர்கள். சமணர்களான எங்களில் சிலர் முதுமையில், உடல் இனி உதவாது என்று தெளிந்தபின், உணவைப் படிப்படியாக விட்டு அமைதியாக உயிர் நீப்பது உண்டு. மிக உயர்ந்த விரதம் அது. எங்கள் தாத்தா அப்படித்தான் போனார். "எனக்கு ட்யூப் கீப் சொருகாதீங்க, தாத்தா மாதிரி போயிடறேன்," என்று அண்ணன் கல்யாண வீட்டில்கூடச் சொல்வார். ஊரே கேட்டிருக்கிறது. ஆகவே ஒரு காலை அவர் இரண்டாவது கரண்டிக் கஞ்சிக்கு வாயை மூடிக்கொண்டபோது எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளையம்மாளை இனி கஞ்சி காய்ச்ச வர வேண்டாம் என்றேன். ஊருக்கும் சொன்னேன்.

ஊரார் வந்து கும்பிட்டார்கள். தசரத நயினார், எங்கள் தாத்தா காலத்து ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பம்பு செட்டு, கம்பு, கடலைன்னே இருந்தான். கடைசில எங்க எல்லாரையும் தாண்டிப் போயிட்டான் பாருடா. கூட இருக்கற நீயும் குடுத்து வச்சவன்."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கை ஸ்விட்சைத் தேடியது. ஆட்கள் இருக்கும்போது அதைக் கட்டிலுக்கு அடியில் தொங்கவிடுவேன். விரதம் இருப்பவரைச் சுற்றி வயர் கிடப்பது பார்க்க நன்றாக இருக்காது. அவர்கள் போனபின் மறக்காமல் பழைய இடத்தில் கட்டிவிடுவேன்.

யமுனாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் அழவில்லை, கேள்வி கேட்டாள். "விரதம்னா அவரே வாயால கேட்டு, முனிவர் எதிர்ல எடுக்கணும் சித்தப்பா. அப்பாவால பேசவே முடியாதே?"

"கையால சொன்னாரும்மா."

"தண்ணி குடுக்கறீங்களா?"

"அவர் கேக்கல."

"நான் இப்பவே கெளம்பறேன். நான் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும் குடுங்க. உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன்."

சித்ரா பௌர்ணமி. திருவண்ணாமலைக்கு வரும் பேருந்துகளில் கால் வைக்க இடமில்லை. கிரிவலக் கூட்டத்தில் வழியெல்லாம் வண்டிகள் நின்றன. அவளுக்கு ஒரு நாள் தாமதமாயிற்று. அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த நாளில்தான் மிருகப் படத்தைப் போட்டேன். ஊரில் பலர் மலை சுற்றப் போயிருந்ததால் யாரும் வரவில்லை. முதல் சி.டி.யில், கடல் பிளந்து அதன் முதுகு தெரியும் இடத்தில் படம் நின்றது. எத்தனையோ வருடம் காத்திருந்தது அந்த முதுகுக்காகத்தான். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. "இரு அண்ணா, இது நீ பண்ண வேலைதான்," என்று குரல் கொடுத்தேன். சி.டி.யை எடுத்து, ஈரத் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துப் போட்டேன். நின்றது. மறுபடி துடைத்தேன். சமையலறைக்குப் போய்த் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தேன். விளக்கு எரிந்து அணைவது அடிக்கடி ஆயிற்று, பிறகு கம்மியாயிற்று.

பிறகு ஓடியது சார். முதுகு, கழுத்து, தலை என்று முழுதாக எழுந்தது. ஒரு சதுரம்கூட உடையவில்லை. இத்தனை நாளும் அதில் இருந்தது கீறல் அல்ல. கொல்லைப் புழுதியும் கம்பம் பூவின் தூளும்தான். மற்ற படங்களையும் நான் இப்படித் துடைத்திருந்தால் ஓடியிருக்கும். அவற்றை அவசரத்தில் சட்டையால் துடைத்திருந்தேன்.

இரண்டாவது சி.டி. தொடங்கியபோது விளக்கு அணையாமல் நின்றது. ஸ்பிரிங் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். படம் முடிந்து பெயர்கள் ஓடி முடியும் வரை எரிந்தது. அவருடைய கை ஸ்விட்ச் மேலேயே கிடந்தது.

மறுநாள் வந்த யமுனா, அண்ணனின் உதடுகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். "இது எதுக்கு சித்தப்பா?" என்றாள். விளக்கினேன். மணியை ஏன் எடுத்தேன், விளக்கு எப்படி எரியும், எந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று எல்லாம் சொன்னேன். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து விளக்கைப் பார்த்தாள். "எத்தினி தடவ எரிஞ்சிச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

மருத்துவர் உங்களிடம் சொல்லியிருப்பார். விழுங்குவது நன்றாக வருகிறது, இரண்டு மூன்று மாதத்தில் பேச்சும் வரலாம் என்று என்னிடமும் சொல்லியிருந்தார். ஆம், தெரியும். தண்ணீர் கேட்டார் என்பதும் தெரியும். கொடுக்காதவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும், யமுனா அதை நம்பவில்லை. படம் முடிந்ததும் நான் நேராக அண்ணனிடம்தான் போனேன். "ஒண்ணும் கெடல அண்ணா, நல்லா ஓடுது, உன்னை மன்னிச்சுட்டேன்," என்று சொல்வதற்காக. கையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீரும் கொண்டுபோனேன்.