தூங்க வெச்ச வில்லன்

இருட்டி ஒரு நாழி ஆகியிருக்கும். பெஹாலாவுல ஒரு சந்து... ஈ காக்கா இல்லை. விஜயதசமியாச்சே, தெரு மொத்தமும் துர்கையைக் கரைக்கப் போயிடுத்து. காலிப் பந்தல்ல ஒரே ஒரு விளக்கு எரியறது. எங்கேயோ தூரத்துல டாக் மேளம்... ட்டும்... ட்டும்...

ரோஹித், மேக்னாவைக் கிள்ளாதே. பயமுறுத்த நான் ஒருத்தி போதும். கரண்ட் வரச்சே வரட்டும், இப்படிக் கிட்ட வாங்கோ.

அந்தச் சந்துல தனியா நடந்து வந்தவர் வாஞ்சிநாதன். என் ஃப்ரெண்ட் ஸ்மிதாவோட பெரியப்பா. லேக் மார்க்கெட்ல வீடு, பேங்க் ஆபீசர். ஆனா உசிரெல்லாம் சினிமா பொம்மையில, அதுவும் வில்லன் பொம்மைன்னா கேக்கவே வேண்டாம். கையில எடுத்த உடனே அசலா டூப்ளிகேட்டான்னு சொல்லிடுவார். அவர் சொன்னா அப்பீல் கிடையாது. அந்த கர்வமும் உண்டு மனுஷனுக்கு.

அன்னிக்குக் கூப்பிட்டது பாகீரதின்னு ஒரு மாமி. ஆத்துக்காரருக்கு ஹார்பர்ல வேலை, டூட்டிக்குப் போயிருந்தார். ஒரே பிள்ளை தீபக்... நெஞ்சுல சளி கட்டி, ஜுரத்துல போயிட்டான். போன வருஷம் கொலு இல்லை. இந்த வருஷம்தான் திரும்ப வெச்சா.

கொலுவுல கீழ்ப்படியில ஒரு வில்லன் பொம்மை. பச்சைக் கோட்டு, நெத்தியில வடு. ஒரு இங்கிலீஷ் படத்துல ஊரையே நடுங்க வெச்சவன். விஜயதசமி அன்னிக்கு ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்க வெப்போமே, நம்மாத்துல மரப்பாச்சி... அங்க இவன். "பாவம்மா, தோத்துப்போனவன்தானே அசந்திருப்பான்"னு தீபக் பண்ணின ஏற்பாடு.

பெரியப்பா போனப்போ அவனைப் படுக்க வெச்சாச்சு. தூங்கறவனை எடுக்கப்படாது, கார்த்தால வாங்கோன்னு மாமி தயங்கினா. பார்க்கத்தானேன்னு இவர் எடுத்துட்டார்.

மாமி விக்கறதுக்குக் கூப்பிடலை. ஸ்கூல்ல பசங்கள்லாம் டூப்ளிகேட்னு கேலி பண்ணினாளாம். தீபக் அழுதுண்டே வந்து, இது மாமா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டுவந்த அசல்தான்னு அம்மா தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினான். அந்த மாமா வாயைத் திறந்தா புளுகு. மாமி நம்பலை. பொய்ச் சத்தியமான்னு ஓங்கி ஒரு அறை விட்டா. அதுக்கப்புறம்தான் அந்த ஜுரம்.

"பிள்ளை சொன்னது நிஜமா... அது மட்டும் தெரிஞ்சா போறும்."

பெரியப்பா புரட்டிப் பார்த்தார். பாதத்துக்கு அடியில கம்பெனி முத்திரை, இருக்கு. இடது முழங்கையை அமுக்கினார். அசலுக்கு மடங்காது, ஒரே வார்ப்பு. டூப்ளிகேட்டுக்குத்தான் மடங்கும்... மடங்கலை. எத்தனையோ வருஷமா தேடினது கையில இருக்கு. கை நடுங்கித்து.

என்ன சொன்னார் தெரியுமோ அந்தப் பாவி மனுஷன்?

"டூப்ளிகேட்தாம்மா."

 மாமி முகத்தைத் திருப்பிண்டு, எடுத்துண்டு போயிடுங்கோ, என் கண்ணுல பட வேண்டாம்னா. அவர் நினைச்சதும் அதானே. பையில போட்டுண்டு, தலை குனிஞ்சுண்டு அந்தச் சந்துல திரும்பி நடந்தார். மேளம் நின்னுபோயிருந்தது.

ஆத்துல கண்ணாடி அலமாரியில நிக்க வெச்சுப் பூட்டினார். கார்த்தால பார்த்தா... படுத்திருக்கு. டிராம் போன அதிர்வுன்னு நிமிர்த்தி வெச்சார். மறுநாளும் படுத்திருக்கு. ஒருக்களிச்சு. அந்த இடது கை... மடங்காத கை... மடங்கி, கன்னத்துக்கு அடியில. பூட்டு பூட்டினபடி. கதவைத் திறந்தா குப்புனு விக்ஸ் வாசனை. உள்ளேர்ந்து... கொர்ர்... கொர்ர்... சளி கட்டின மூச்சு.

பயத்தைவிட வெக்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்னுத்தாம். பெரியம்மா என்னன்னு கேட்டா சொல்ல வாய் வரலை. ஷேவ் பண்ணக் கண்ணாடி பார்க்கக் கூசித்து. செத்துப்போன குழந்தையைப் பொய்யனாக்கிட்டு வந்திருக்காரே, கூசாம என்ன பண்ணும்?

துண்டுல சுத்தி எடுத்துண்டு பெஹாலாவுக்கு ஓடினார். வாசல்லயே சொல்லிட்டார், இது அசல்தான், நான்தான் பொய்யன்னு.

மாமி கோச்சுக்கலை. அழவும் இல்லை. "தெரியும். அவனே வந்து சொன்னான். 'பொம்மையை எடுத்த மாமாவுக்குக் கை நடுங்கித்தும்மா, நான் பார்த்தேன்'னான்."

பெரியப்பாவால நிமிர முடியலை. பொம்மையை நீட்டினார். மாமி வாங்கலை, பின்னால நகர்ந்துட்டா.

"நீங்களே வெச்சுக்கோங்கோ. தூங்கறச்சே எடுத்துண்டு போயிட்டேள், கூடப் படுத்திருந்த தீபக்கும் முழிச்சுண்டு, என்கிட்ட சொல்லிட்டு உங்க பின்னாடியே வந்துட்டான். இப்பத்தான் உங்காத்துல அசந்திருக்கான்... எழுப்பிடாதீங்கோ."

ஸ்மிதா சொன்னப்போ நான் நம்பலை. அப்புறம் ஒருநாள் அவாத்துல தங்கினேன். பெரியப்பா படுக்கப் போறதுக்கு முன்னாடி சத்தமில்லாம அலமாரியைத் திறந்தார். பொம்மைக்கு ஒரு கைக்குட்டை போர்த்தினார். பக்கத்துல இருந்த காலி இடத்துக்கு இன்னொண்ணு.

அந்த ரெண்டாவது கைக்குட்டை... மெதுவா ஏறி... இறங்கித்து.