குழாயடித் தலைவிக்கு மண்வெட்டிப் படையின் மடல்

சேறு கண்டு முகம் சுளிக்காத சீமாட்டியே! சோம்பல் கண்டால் மட்டும் சீறிப் பாயும் சிங்கமே! குளக்கரையையும் இளையோர் கூட்டத்தையும் ஒருங்கே வளர்த்தெடுத்த எங்கள் குளச் சீரமைப்புத் திட்ட இயக்குநர் அம்மையே! பணி நிறைவு காணும் இப்பொன்னாளில் வணங்கி மகிழ்கிறோம்!

வீட்டாரே கைகழுவிவிட்ட விடலைகளை விரும்பி அழைத்து, குப்பைமேடாய்க் கிடந்த குளக்கரையில் கொண்டுவந்து இறக்கினீர்கள். "இதுங்கள வெச்சு என்னத்த கிழிக்கப் போறீங்க?" என்று கேட்டார் அக்கம்பக்கத்தார் ஒருவர். "அத அப்புறம் பேசலாம். இந்தக் கூடையைக் கொஞ்சம் பிடிங்க" என்று அவரையும் வேலையில் சேர்த்துக்கொண்ட வித்தகரே! அந்த விடலைகளுள் இன்று செவிலியர் உண்டு, மின்பணியாளர் உண்டு, ஆசிரியரும் உண்டு. கரையிலோ நாணல் உண்டு, நாரை உண்டு, கூடை பிடித்த அந்தப் பெரியவரும் இன்னும் உண்டு.

புதிதாய் வந்தவரே மாலையில் குழாயடியில் அனைவரது மண்வெட்டிகளையும் கழுவ வேண்டும் என்பது நீங்கள் வகுத்த சட்டம். விலக்கு எவருக்கும் இல்லை. பளபளக்கும் காலணியோடு பார்வையிட வந்த மேலதிகாரி, "நானுமா?" என்று திகைத்தார். "நீங்க இன்னிக்குத்தானே சார் வந்தீங்க?" என்றீர்கள். பாவம், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கழுவினார். அப்படியிருந்தும் அடுத்த ஆண்டு நிதி குறையவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறோம். அன்று இளையோர் உங்களுக்குத் தெரியாமல் சூட்டிய பட்டமே 'குழாயடித் தலைவி'.

களையெடுக்கச் சொன்ன நாளில், முந்தைய அணி நட்டிருந்த நாணல் நாற்று முழுவதையும் களையென்று பிடுங்கி, அதை அழகாய் அடுக்கியும் வைத்து, பாராட்டுக்காகக் காத்து நின்ற அணித்தலைவரை நினைவிருக்கிறதா அம்மா? நடந்தது புரிந்ததும், சீட்டு கிழிந்தது என்று அவர் பையைக் கட்டிவிட்டார். நீங்களோ, "அடுக்கினது நல்லாத்தான் இருக்கு. வேர் காயறதுக்குள்ள திரும்ப நட்டுடலாம், வாப்பா" என்று முதல் ஆளாய்ச் சேற்றில் இறங்கினீர்கள். நாளை உங்கள் நாற்காலியில் அமரப்போகிறவர் அவர்தாம். இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவனும் அவனே. குரல் தடுமாறினால் பொறுத்தருள்க.

ஆனால் உங்கள்மேல் எங்களுக்கு ஒரு கோபம் உண்டு. சென்ற வாரம் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து, "இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன். பழைய ஆள் வாசல்ல வந்து நின்னா, புது ஆள் எப்படி முடிவெடுப்பாரு?" என்றீர்கள். பெருந்தன்மைதான். சொல்லி முடித்துவிட்டு, ஜன்னல் வழியே குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அதை நாங்கள் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? அந்தக் கரையில்லாமல் உங்களுக்குப் பொழுது போகாது. நீங்கள் இல்லாமல் எங்களுக்குக் கை ஓடாது.

ஆகவே கூடிப் பேசினோம். இயக்குநராய் நீங்கள் இனி வரக்கூடாதுதான், ஒப்புக்கொள்கிறோம். தன்னார்வலராய் வரக்கூடாது என்று யார் சொன்னது? கையுறையும் கூடையும் தரப்படும். கட்டளையிட மட்டும் அனுமதி இல்லை.

நோய் அண்டாத உடலும், கரையின் மறுகோடி வரை கேட்கும் அந்தக் கம்பீரக் குரலும் குன்றாது பல்லாண்டு வாழ்க, அம்மா! சனிக்கிழமை காலை வந்துவிடுங்கள். மாலையில் எங்கள் மண்வெட்டிகள் அத்தனையும் குழாயடியில் உங்களுக்காகக் காத்திருக்கும். புதிதாய் வந்தவர் நீங்கள்தானே!

விலக்கு எவருக்கும் இல்லை.

சேறு படிந்த கைகளோடும் செழித்த அன்போடும்,
உங்கள் பணியாளர்களும் இளையோர் அணியினரும்