பதினோராவது பொத்தான் துளை

உங்கள் கான்ஸ்டபிள் அந்தப் பையை அமுக்கியதும் ஓர் அலறல் கேட்டதே, அதற்கு யாரும் பதற வேண்டாம். பேக்பைப் அப்படித்தான், தோல்பைக்குள் ஊதிக் குழலில் வாசிக்கிற வாத்தியம். உள்ளே கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் வால் மிதிபட்ட பூனை மாதிரி கத்தும். ஜன்னலைத் திறந்து வைத்தால் நல்லது. அவர் வாயை வைத்து ஊதிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

நாற்காலி போட்டு, மரியாதையாகக் கேட்கிறீர்கள் ஐயா. நானும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது அவர் மாட்டிவிட்டதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டாளத்துக்காரர். இருநூறு வருஷத்துக்கு முந்தைய பட்டாளம். நாற்பது பேர் சேர்ந்து அந்தக் காலத்து உடுப்பை மாட்டிக்கொண்டு மைதானத்தில் சண்டை நடித்துக் காட்டுவார்கள். பல் டாக்டர் செத்து விழுவார், பஸ் கண்டக்டர் அவரைத் தாண்டிக்கொண்டு ஓடுவார். இவர் முன்னால் நின்று பேக்பைப் ஊதுவார்.

நாற்பது பேருக்கும் உடுப்பு தைத்தது நான். எல்லாம் கைத்தையல். அந்தக் காலத்தில் மிஷின் ஏது? இவருடைய சிவப்புக் கோட்டில் பன்னிரண்டு பொத்தான் துளை. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் பிடிக்கும். பதினோராவது மட்டும் சற்றுக் கோணல். மற்றதில் நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது.

என் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயிண்டராக இருந்தான். சாரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்ததில் வலது கையும் வாயும் தவிர மற்றதெல்லாம் அசைவற்றுப் போனது. கட்டியவள் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஆறு வருஷம் எங்கள் மாடி அறையில் வைத்து நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம். அவன் வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. கீழே வாசிப்பு ஆரம்பித்தால், "அக்கா, மச்சான் ஆட்டைக் கிள்ள ஆரம்பிச்சுட்டாரு, யாராவது அந்த ஜீவனைக் காப்பாத்துங்க" என்பான். பை ஆட்டுத்தோலில் செய்தது, அதனால். இவர் மாடிப்படியில் நின்று, "மாப்ளே, உனக்காகவே இன்னொரு தடவை வாசிக்கிறேன்" என்பார்.

தம்பிக்குச் சளி கட்டினால் தானாகத் துப்ப முடியாது. யாராவது ஓடிப் போய்ச் சாய்த்துப் பிடித்து முதுகில் தட்ட வேண்டும். பைப் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று இவர்தான் ஒரு ஏற்பாடு செய்தார். கட்டிலில் ஒரு ஸ்விட்ச். கீழே, என் தையல் அறைக்கும் ஹாலுக்கும் நடுவே வாசல் நிலையில் ஒரு சிவப்பு விளக்கு. அவன் அமுக்கினால் எரியும், விட்டால் அணையும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய அணிவகுப்பு. கோட்டு முடியவில்லை. காலையிலிருந்து அந்த விளக்கு இருபது தடவை எரிந்துவிட்டது. தலையணை சரிந்துவிட்டது, ஃபேன் வேகம் போதவில்லை, மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கிறது. இருபது தடவையும் போனேன். மத்தியானம் இவர் ஹாலில் நடந்துகொண்டே வாசித்தார், முகம் விளக்கைப் பார்த்தபடி. நான் தலைகுனிந்து பதினோராவது துளையைத் தைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது துளையையும் முடித்து நூலை அறுத்துவிட்டு மாடிக்குப் போனேன். தம்பியின் விரல் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கிடந்தது, மூச்சு நின்றிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு இவரிடம் கேட்டேன், விளக்கு எரிந்ததைப் பார்த்தீர்களா என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தேன்" என்றார். பிறகு ஏன் நிறுத்தவில்லை என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒரு பாட்டை நடுவில் விட மனசு வராமல் என் தம்பியைச் சாக விட்டவர். எனக்கு அது போதும்.

பேக்பைப்பை வாசித்து முடித்ததும் குழல்களைக் கழற்றிப் பையைக் காய வைக்க வேண்டும். மூச்சின் ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடிக்கும், ஊதுகிறவர் நெஞ்சுக்குள்ளும் போகும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. பைக்கு வெல்வெட் உறை தைத்தவள் நான் என்பதால், அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் என்னிடம் வந்து சேர்ந்தது. பதினைந்து வருஷம் ஒருநாள் தவறாமல் செய்தேன். தம்பி போன பிறகு செய்யவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். ஒரு வீட்டு வேலையை நிறுத்தினேன். பிறகு பை வறண்டு போகக் கூடாதே என்று வாரம் ஒருமுறை கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன்.

நாலு மாசத்தில் இருமல் வந்தது. ஆறாம் மாசம் படியேறினால் மூச்சு இளைத்தது. கோட்டு நெஞ்சைப் பிடிக்கிறது என்றார். பக்கத் தையலை அரை அங்குலம் பிரித்துவிட்டேன். அப்புறம் உடம்பு வற்றியது. தோளிலும் மார்பிலும் பஞ்சு வைத்துத் தைத்தேன். அந்தக் காலத்துக் கோட்டில் பஞ்சு வைப்பது வழக்கம்தான். மைதானத்தில் அவரைப் பார்த்துவிட்டு டிரம் அடிக்கிறவர், "அண்ணி, அண்ணனுக்கு என்ன போடுறீங்க, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டாரு" என்றார். வீட்டுச் சாப்பாடுதான் என்றேன்.

பிறகு ஆஸ்பத்திரி. டாக்டர் நல்லவர். வீட்டில் புறா உண்டா, சுவரில் ஈரம் உண்டா, என்ன வேலை செய்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். பொழுதுபோக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை. பத்து நாளில் தானாகவே தேறினார். எப்படித் தேறினார் என்று டாக்டருக்கே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, நுரையீரலுக்குப் பயிற்சி வேண்டும், தினமும் பலூன் ஊதுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், "பலூன் எதுக்குங்க, சின்னப் பிள்ளையாட்டம்? உங்க பைப் இருக்கே."

அவருக்குச் சந்தோஷம். தினம் அரை மணி நேரம் வாசித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மூன்று வாரம் வாசித்தார்.

போன வாரம் அடக்கம் செய்தோம். அந்தக் கோட்டைத்தான் போட்டுவிட்டார்கள். நினைவாக வைத்துக்கொள்கிறேன் என்று டிரம்காரர் பைப்பைக் கேட்டபோது எடுத்துப் போங்கள் என்றேன். சுத்தம் செய்யலாம் என்று குழலை உருவியவர், நாற்றம் தாங்காமல் நேராக டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. யாராவது ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரைக் கொன்றது நான். ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கூட இல்லை. என் தம்பி மூச்சுத் திணறியபோது பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அதே மூச்சைத் திருப்பிக் கொடுத்தேன். வருத்தம் இல்லை.

கடைசியாக என்ன பேசினார் என்று கேட்கிறீர்கள். அதை எழுத வேண்டியதில்லை ஐயா. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது காய்ச்சலில் உளறியது. ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன், நீ மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே என்றார். எதை என்று கேட்டேன்.

"விளக்கு எரிஞ்சப்ப நீயும் நிமிந்து பாத்தே. நீ எந்திரிச்சுப் போவேன்னுதான் நான் வாசிச்சுக்கிட்டே இருந்தேன். நீ குனிஞ்சு ஊசியில நூல் கோத்தே."