இரண்டு விரல்களுக்கு ஒரு வடிவம்

இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் டீ போட்டால் கொஞ்சம் கரிக்கத்தான் செய்யும், மேடம். சேலையூருக்கு வந்து முப்பது வருடமாகிறது, எனக்கு நாக்கு பழகிவிட்டது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்படியே வைத்துவிடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

புஷ்பம் ஸ்டேஷனில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அவள் எங்கள் ஒரே தங்கை. என் தம்பி ஃபிரெடி என்றால் அவளுக்கு உயிர். அவன் இறந்து இருபத்தாறு நாளாகிறது, அவளுக்கு யாரையாவது கேட்டாக வேண்டும். என்னைக் கேட்பதுதான் முறை. முதலிலிருந்தே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் வேதசிரோமணி. வயது ஐம்பத்து நான்கு. கிண்டியில் ஒரு கட்டட டிசைன் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஃபிரெடி என்னைவிட ஐந்து வயது இளையவன். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ஹோட்டலில் சாயங்காலங்களில் கிட்டார் வாசிப்பான். ஜாஸ். அவன் குடும்ப வாழ்க்கை சரிப்படவில்லை, எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சூட்கேஸும் இரண்டு கிட்டாரும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையருமாக இங்கே வந்து சேர்ந்தான். முன் அறையைக் கொடுத்தேன். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த அறைதான்.

அவனுக்குக் காது இருந்தது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தெருவில் தள்ளுவண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனால் அது என்ன சுரம் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவான். ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், அடியில் ஓடும் கார்ட் எல்லாம், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம் எல்லாம், அவன் விரலுக்கு வந்துவிடும். நான் அவனுக்கு முன்பே கிட்டார் வாங்கியவன். பன்னிரண்டு வருடம் தினமும் பயிற்சி செய்தவன். எனக்குக் கேட்காது. சர்ச்சில் கீதம் பாடும்போதுகூடப் பக்கத்தில் நிற்பவர் வாயைப் பார்த்துத்தான் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று தெரிந்துகொள்வேன்.

ஆனால் எனக்குக் கண் உண்டு. ஒருநாள் டிமினிஷ்ட் என்ற ஒரு கார்ட்டைப் பிடித்தேன். நான்கு கம்பிகளில் நான்கு விரல்கள். அதே வடிவத்தை விரல் கலைக்காமல் கிட்டார் கழுத்தில் மூன்று கட்டம் மேலே தள்ளினேன். அதே நான்கு சுரங்கள், இடம் மட்டும் மாறியிருந்தன. இன்னும் மூன்று கட்டம். மறுபடி அவையே. ஒரு கார்ட், நான்கு பெயர்கள், நான்கில் எது முதல் என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் ஏதாவது ஒரு விரலை ஒரு கட்டம் இறக்கினால் ஒரு பாட்டின் வாசல் திறக்கும். வேறு விரலை இறக்கினால் வேறு வாசல். பன்னிரண்டு வருடமாக எனக்குச் சந்துபொந்தாகத் தெரிந்த ஜாஸ் அன்றைக்கு ஒரு மனைப்பிரிவு வரைபடம் மாதிரி முன்னால் விரிந்தது. எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

டிரேசிங் தாளில் வரைய ஆரம்பித்தேன். நூற்று நாற்பது தாள். ஃபிரெடியிடம் காட்டினேன். நாலைந்தைப் புரட்டினான்.

"சூப்பரா வரைஞ்சிருக்கண்ணா. ஆனா இதெல்லாம் எதுக்கு? காதுல கேக்குதில்ல?" என்றான்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்கு விளங்கவில்லை. அன்று சாயங்காலம் அதில் ஒரு தாளில் மிக்சர் கொட்டித் தின்றுகொண்டிருந்தான். அதற்காக என்று எழுதிவிடாதீர்கள், மேடம். மிக்சருக்காக யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள்.

அவனுக்கு இருபத்தெட்டு வயதிலிருந்து சர்க்கரை. பாதம் முதலில் மரத்தது, பிறகு விரல் நுனிகள். போன வருடம் இரண்டு கையிலும் சூடு, குளிர் எதுவும் உறைக்காமல் போயிற்று. ஆனாலும் வாசித்தான். கம்பி படுவது தெரியாவிட்டாலும் காதில் கேட்கிறதே, அது போதும் என்பான்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்திருந்தோம். அவனுடைய ஆம்ப்ளிஃபையர் பழைய வால்வு வகை. உள்ளே பல்பு மாதிரி கண்ணாடிக் குழாய்கள் கொதித்துச் சிவந்திருக்கும். சத்தம் விட்டுவிட்டு வந்ததால், அணைக்காமலே இடது கையைப் பின்பக்கம் விட்டு வயரைத் துழாவினான். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. ஹோட்டலில் யாரோ ஒரு பாடகி தாளம் தப்பியதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் பக்கவாட்டில் இருந்தேன். அவனுடைய சுண்டுவிரலும் மோதிர விரலும் ஒரு குழாயின்மேல் சாய்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"கையை எடு" என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் பேசி முடிக்கும்போது முப்பத்திரண்டு எண்ணியிருந்தேன். மெதுவான பாட்டில் நான்கு நான்கு தட்டாக எட்டு வரிசை. வாடை அவனுக்குத்தான் முதலில் வந்தது.

"என்னண்ணா கருகுற நாத்தம்?" என்று கையை எடுத்துப் பார்த்தான். "ஐயோ, எப்ப சுட்டுச்சுன்னே தெரியலையே. நீ பாக்கலையா?"

"பார்க்கவில்லை" என்றேன்.

அப்போது நான் செய்தது அவ்வளவுதான், அதாவது ஒன்றும் செய்யவில்லை. கட்டுப்போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஆபீஸ் போவதற்கு முன்னால் மருந்து வைத்துச் சுற்றுவேன். நான்காம் நாள் நிறம் மாறியிருந்தது. அவனுக்கு வலியில்லை, கட்டைப் பிரிக்கும்போது அவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். "ஆறிடுச்சாண்ணா?" என்பான். "ஆறுகிறது" என்பேன். ஒன்பதாம் நாள் புஷ்பம் வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன வாடை இது? வேதாண்ணா, உனக்கு மூக்கு இல்லையா? சர்க்கரைக்காரன் கைய இப்படியா வெச்சிருப்ப?" என்று கத்தினாள். ஆட்டோ பிடித்து அவள்தான் அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு விரல்களையும் அடியோடு எடுத்தார்கள்.

பிறகு வந்த இரண்டு மாதம் பற்றிச் சொல்வது கஷ்டம். மத்தியானங்களில் இதே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பான். இடது கை மடியில் கிடக்கும். முன்கையில் நரம்புகள் அசையும். இல்லாத விரல்களை அவன் அசைக்கிறான். நான் அந்த நரம்புகளைப் பார்த்தே எந்த கார்ட் என்று கண்டுபிடித்துவிடுவேன். சில சமயம் ஒரு முழுப் பாட்டும் அப்படியே ஓடும், சத்தமே இல்லாமல், ஒரு இடம் தப்பாமல். ஒருநாள் என்னைப் பார்த்து, "அந்த ரெண்டும் இன்னும் அழுத்திக்கிட்டே இருக்குண்ணா. எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேங்குது" என்றான். எழுந்துபோய் மின்விசிறியைக் குறைத்தேன்.

செப்டம்பரில் நான் என் தாள்களோடு அவன் எதிரில் உட்கார்ந்தேன். ஜாஸில் ஒரு கார்ட்டுக்கு உயிர் இரண்டே சுரங்கள்தான், ஃபிரெடி, அந்த இரண்டுக்கு இரண்டு விரல் போதும் என்றேன். நடுக் கம்பிகள் இரண்டில் குறுக்குக்கோடு மாதிரி ஒரு வடிவம். அது இருக்கும் இடம் வீடு. அப்படியே ஒரு கட்டம் இறக்கினால் அடுத்த கார்ட். வீட்டிலிருந்து ஒரு கட்டம் ஏற்றினால் இன்னொன்று. மூன்றே இடங்களில் ஒரு முழு ப்ளூஸ் பாட்டு முடிந்துவிடும். ஆறு கட்டம் தள்ளி வைத்தால் அதே இரண்டு சுரங்கள் தலைகீழாக வரும். கீழ்ச்சுரத்தை நான் வாசிக்கிறேன் என்றேன்.

அவன் பிடித்தான். ஏற்றினான், இறக்கினான். நான் பக்கத்தில் அடிச்சுரம் போட்டேன். பன்னிரண்டு வரிசை முடிந்ததும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

அந்த நான்கு மாதம்தான் நான் வாழ்ந்த காலம், மேடம். அவன் என் தாளைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். "இங்கேருந்து எங்கண்ணா போறது?" என்று கேட்பான். ஐம்பது வருடத்தில் அவன் என்னை வழி கேட்டது அப்போதுதான்.

ஜனவரியில், பொங்கல் கழிந்து, மேடவாக்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசித்தோம். டிரம்ஸுக்கு ஜெரோம், ஃபிரெடியின் பழைய சிநேகிதன். இரண்டு பாட்டு சரியாகப் போனது. மூன்றாவதில் ஃபிரெடி என் கட்டங்களை விட்டு இறங்கிவிட்டான். இரண்டே விரலால் எங்கெங்கோ போனான். எந்தத் தாளிலும் இல்லாத இடங்கள். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அடுத்த சுரம் எது என்று தெரியவில்லை, வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தியதை ஒருவரும் கவனிக்கவில்லை. பிரியாணித் தட்டோடு நின்றவர்கள் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மச்சான், ரெண்டு வெரலை வெச்சிகினு இன்னா சவுண்டு உட்ற நீ! பத்து வெரலு கீறவன்லாம் பிச்சை எடுக்கணும்" என்று ஜெரோம் அவனைக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது ஃபிரெடி பேச்செடுத்தான்.

"அண்ணா, உன் ஷேப் இல்லன்னா நான் மறுபடி கிட்டாரையே தொட்டிருக்க மாட்டேன். அத நான் மறக்கவே மாட்டேன்."

"சரி."

"ஆனா இனிமே எனக்கு அது வேணாம்ணா. திரும்பக் கேக்க ஆரம்பிச்சிடுச்சு. ஜெரோம் கேளம்பாக்கத்துல ஒரு கஃபேல சனிக்கிழமை வாசிக்கக் கூப்பிடுறான். ரெண்டு பேருக்குத்தான் எடமாம். நீ தப்பா நெனச்சுக்காத."

நான் ஏன் தப்பாக நினைக்கவேண்டும் என்றேன். சட்னி வேண்டுமா என்று கேட்டேன். அவன் போதும் என்றான்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் புஷ்பம் எழுதிக் கொடுத்திருப்பாள். அவனுடைய இடது கை ஆள்காட்டி விரல் காலையில் விறைத்துக்கொள்ளும். தினமும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவனுக்குச் சூடு தெரியாது என்பதால் தண்ணீரை நான்தான் தொட்டுப் பார்த்துக் கொடுப்பேன். பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி காலை, ஏழரை மணி. அடுப்பிலிருந்து இறக்கி டம்ளரில் ஊற்றி இந்த ஸ்டூல்மேல் வைத்தேன்.

"ஆவி வருதேண்ணா" என்றான்.

"காலைப் பனி, அதுதான் அப்படித் தெரிகிறது. வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது" என்றேன்.

அவன் டம்ளரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், கொஞ்சம் அதிக நேரம். விரலை உள்ளே விட்டான். நான் பத்து நிமிடமும் கூடவே உட்கார்ந்திருந்தேன். அவன் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வைக்கு நான் பெயர் வைக்க விரும்பவில்லை.

இந்தத் தடவை நான் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். விரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். புண் விரலோடு நிற்கவில்லை, ரத்தத்தில் பரவிவிட்டது. பதினோராம் நாள் இறந்தான். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை. ஆனால் முன்கை நரம்புகள் அசைந்துகொண்டே இருந்தன. நான் படிக்கப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எந்த வடிவமும் அதில் இல்லை.

இப்போது எனக்குக் கேட்கிறது, மேடம். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த மத்தியானம் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி, தாம்பரத்தில் ரயில் ஊதுவது, குக்கர் விசில், எல்லாவற்றுக்கும் சுரம் தெரிகிறது. யாரோ காதுக்குள் சொல்லுவது போல் பெயர் வந்து விழுகிறது. கேட்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் பேனா மூடியைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்களே, அதுவும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

உங்கள் மடியில் இருக்கிற அந்த ஃபைல் அவன் அலமாரியில் கிடைத்ததா? என்னுடையதுதான். மேல் தாளில் 'ஒரு விரல்' என்று எழுதியிருப்பது என் கையெழுத்து. ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்றாம் கம்பியை அரைச் சுரம் ஏற்றிக் கட்டிவிட்டால், இரண்டு விரல் செய்வதை ஒரே விரல் குறுக்கே படுத்துச் செய்துவிடும். அந்தப் படத்தில் இருப்பது அவனுடைய நடுவிரல். மத்தியானம் தூங்கும்போது ஸ்கேல் வைத்து அளந்தேன். எட்டு சென்டிமீட்டர்.

ஆமாம், மூலையில் இருப்பது தேதிதான். பிப்ரவரி ஒன்பது. தண்ணீர் வைத்தது இருபத்தொன்று. நீங்கள் ஏன் அதன்மேல் விரல் வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் கீழேயும் பாருங்கள், 'ஃபிரெடிக்கு' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். தம்பிமேல் பாசமில்லாத ஒருவன், பன்னிரண்டு நாள் முன்பே இத்தனை பொறுமையாக உட்கார்ந்து வரைந்து வைத்திருப்பானா, சொல்லுங்கள்.