மாமாவின் படகில் ஒரு சோதனை ஓட்டம்

– கண்ணு, நீ என் மடியில மூத்திரம் போன புள்ள. என் படகுக்கே டார்ச் அடிச்சுப் பாக்கறியே, நல்லாவா இருக்கு?

– மடியில போனது உங்க அக்கா மக, மாமா. டார்ச் அடிக்கிறது வட்டாரக் கடல் பாதுகாப்பு ஆபீஸ். ரெண்டு பேரும் வேற வேற ஆளு. கொஞ்சம் நகருங்க, லைஃப் ஜாக்கெட் பாக்கணும்.

– பாரு, நல்லா பாரு. எல்லாம் புத்தம் புதுசு. கடை வாசனை இன்னும் போகல.

– மீன் வாசனை அடிக்குது மாமா.

– கடைக்காரன் கையால மீனைத் தொட்டுட்டு எடுத்துக் குடுத்திருப்பான். சும்மா சொல்லக் கூடாது, உங்க ஆபீசுக்கு இருக்கிற மூக்கு வேற எவனுக்கும் கிடையாது. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்துட்டோம், படகு சும்மா வெண்ணெய்ல வழுக்குற மாதிரி போகுது. கையெழுத்தைப் போட்டுட்டு அக்கடான்னு காத்து வாங்குவியா...

– காத்து வாங்கறதுக்கு அரசாங்கம் என்னை அனுப்பல. என்ஜின் எங்க இருக்கு?

– கீழதான். போய்ப் பாரு. சாமியார் பின்பக்கம் கயிறு சுத்திட்டிருக்கான், கூப்பிடவா?

– சாமியாரா?

– நம்ம மெக்கானிக்குதான். பேசவே மாட்டான். அதனால ஊரே அவனைச் சாமியார்னு கூப்பிடுது.

– வேணாம், நானே பாத்துக்கறேன்.

– படி வழுக்கும், பாத்து இறங்கு! ...என்ன கண்ணு, அதுக்குள்ள ஏறி வந்துட்ட? சுத்தமா இருக்குல்ல? கீழ எல பரப்பிச் சாப்பிடலாம்.

– சாப்பிடலாம், டீசல் ருசி பிடிச்சா. அவரைக் கீழ போகச் சொல்லுங்க. என்ஜினை ஆளில்லாம விடக் கூடாது.

– சாமியாரே! கயிறு போதும், கீழ இறங்கு!

– சரி மொதலாளி.

– அப்புறம் கண்ணு, அம்மா எப்படி இருக்கா? முட்டி வலி தேவலையா?... என்ன இது? சத்தத்தைக் காணோம்?

– என்ஜின் நின்னுடுச்சு மொதலாளி!

– நின்னது என் காதுக்கே தெரியுதுய்யா! ஏன் நின்னுச்சு?

– பாக்கறேன்.

– பயப்படாத கண்ணு. வெயில் பாரு, அதுவும் கொஞ்சம் மூச்சு வாங்குது. இப்ப எழுந்துக்கும்.

– எழுந்துக்கட்டும். அதுவரைக்கும் காத்து நம்மளை எந்தப் பக்கம் தள்ளுது மாமா?

– அது... பாறைப் பக்கம்.

– அப்ப நங்கூரத்தைப் போடுங்க.

– போட்டுடலாம், அதுக்கென்ன. சாமியார் மேல வரட்டும்.

– நானே போடறேன். எங்க இருக்கு?

– கரையில.

– கரையிலயா?

– டிக்கெட் கொட்டாய்க்குத் தகரம் போட்டிருக்கோம்ல. காத்தடிச்சா தூக்கிட்டுப் போகுது. உங்க அத்தைதான் நங்கூரத்தைக் கட்டித் தொங்க விட்டா. இப்ப அசையறதில்ல தெரியுமா!

– ரொம்ப நல்லது. கொட்டாய் கடல்ல எங்கயும் போயிடாது. ரேடியோவுல துறைமுகத்தைக் கூப்பிடுங்க.

– ஃபோன்ல கூப்பிட்டா என்ன?

– இங்க சிக்னல் கிடைக்காது. அதுக்குத்தான் ரேடியோவே வைக்கச் சொல்றோம். அந்தப் பெட்டியைத் திறங்க.

– திறந்தா... நீ திட்டக் கூடாது.

– திறங்க மாமா.

– இந்தா.

– இது சீட்டுக்கட்டு.

– ஆட்டம் போடறதுக்கு இல்ல கண்ணு, பெட்டி காலியா இருந்தா கலகலன்னு ஆடுது. ரேடியோ ரிப்பேருக்குப் போயிருக்கு.

– எப்ப?

– உன் கல்யாணத்துக்கு முந்தி.

– எனக்கு ரெண்டு புள்ள ஆயாச்சு. சரி, ஃபிளேர் கொளுத்துங்க. கரையில யாராவது சிவப்பு வெளிச்சத்தைப் பாத்துட்டு வருவாங்க. அந்தக் குழல் எல்லாம் வரிசையா மாட்டியிருக்கே.

– குழல் இருக்கு.

– உள்ள?

– பேரன் பொறந்தநாளுக்குக் கொளுத்திட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சிவப்பு! தெருவே கைதட்டுச்சு.

– மாமா...

– சிரிக்காத! பாறை கிட்ட வருது, நீ என்ன அலுங்காம உக்காந்துக்கிட்டு நகத்தைப் பாத்துட்டிருக்க? உனக்குப் பயமே இல்லையா?

– எனக்கென்ன பயம்? புத்தம் புது லைஃப் ஜாக்கெட் இருக்கே. மாட்டிக்கறேன். அட, இதுல ஒரு கிழிசல். கிழிசலைச் சுத்தி சிவப்பு மையில வட்டம். மாமா, இந்த வட்டம் நான் போட்டது. காலையில உங்க சகலை படகுல.

– ஒரே கடையில வாங்கினா ஒரே மாதிரிதானே...

– ஒரே மாதிரியா கிழியும்? ஒரே மாதிரியா நான் வட்டம் போடுவேன்?

– சரி, சொல்லிடறேன். பாறையில மோதிச் சாகறப்போ பொய்யோட சாக வேணாம். அவன் படகுலேருந்து எடுத்துட்டு வந்ததுதான். நான் எடுக்கல. என் பொண்டாட்டி அவ அக்காகிட்ட சொல்லி, ரெண்டு பேரும் சேலைக்குள்ள சுத்திக் கொண்டு வந்தாங்க. சகலைக்குத் தெரியாது.

– அப்ப அவர் படகுல இப்ப ஜாக்கெட்டே இல்லையா?

– அவனுக்குத்தான் நீ காலையிலயே சர்டிபிகேட் குடுத்துட்டியே! இனிமே அவனுக்கு எதுக்கு ஜாக்கெட்?

– மாமா!

– ஏய், அங்க பாரு, வாயில பேரைச் சொன்னதும் வரான் பாரு! சகலை படகுதான். கையை ஆட்டறான். கயிறு வீசவான்னு கேக்கறான். ஐயோ, அவன் கயித்துல கட்டி இழுபட்டு நான் கரைக்குப் போறதா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவானே! ...பரவால்ல, உயிர் முக்கியம். வரச் சொல்லு கண்ணு, வரச் சொல்லு!

– திருப்புங்க! படகைத் திருப்புங்க! ஆமா, உங்களைத்தான்! கயிறு வேணாம்! உங்க படகுல ஜாக்கெட் இல்ல! நேரா கரைக்குப் போய் ஆளுங்களை இறக்குங்க!

– அடிப்பாவி! ஏன் போகச் சொன்ன?

– அதுல எவ்வளவு ஜனம் நிக்குது பாத்தீங்களா? நம்ம பக்கத்துல வந்து, அந்தப் படகும் பாறையில உரசினா?

– அதுக்கு, வந்த ஒரு படகையும் விரட்டறதா?

– அந்த ஜனம் யாரை நம்பி ஏறியிருக்கு? உங்க சகலையையா? வாசல்ல ஒட்டியிருக்கிற சர்டிபிகேட்டை எவனும் நின்னு படிக்கறதில்ல மாமா. ஆபீஸ்ல பாத்திருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு, புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஏறிடறாங்க. காலையில நான் போட்ட கையெழுத்து இப்ப ஜாக்கெட் இல்லாம கடல்ல ஓடிட்டிருக்கு. அம்மா வாரா வாரம் அக்கரை ஆஸ்பத்திரிக்கு எந்தப் படகுல போறா?

– ...இந்தப் படகுலதான்.

– தம்பி படகுன்னு பெருமையா முன்னாடி சீட்டுல உக்காருவா. நங்கூரம் கொட்டாயில தொங்கறது அவளுக்குத் தெரியாது.

– போதும் கண்ணு. தப்புதான். கரை சேர்ந்தா எல்லாத்தையும் வாங்கி வைக்கறேன். நாளைக்கே. சேர்ந்தாத்தானே! சகலை படகு அலைத்தடுப்புச் சுவருக்குள்ளயே போயிடுச்சு, இனிமே நம்மளை எவன் பாக்கப் போறான்?

– இது போதும் மாமா. கண்ணைத் துடைச்சுக்குங்க.

– என்ன போதும்?

– இதுதான் சோதனை. நான் கீழ போனப்போ டீசல் வால்வை மூடிட்டு வந்தேன். என்ஜினுக்கு ஒண்ணும் இல்ல.

– என்னது?

– திடீர்னு நின்னா நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கணும், சாமியார் அண்ணன் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னும் பாக்கணும். சொல்லிட்டு வச்சா அது சோதனையா?

– அடி என் அக்கா பெத்த பிசாசே! அதான் நகத்தைப் பாத்துட்டிருந்தியா? என் நெஞ்சு எப்படி அடிச்சுக்குது தொட்டுப் பாரு! அப்ப இவ்வளவு நேரம் நான் சொன்னது எதுவும் செல்லாது. பயமுறுத்தி வாங்கின வாக்குமூலம்!

– செல்லும். பாறையே சாட்சி.

– இரு, உங்க அம்மாகிட்ட சொல்றேன். சர்டிபிகேட்?

– நங்கூரம், ரேடியோ, ஃபிளேர், ஜாக்கெட். நாலும் வந்தப்புறம். அதுவரைக்கும் படகு கட்டியே கிடக்கட்டும்.

– சரி தாயே, கட்டியே கிடக்கட்டும். முதல்ல கட்டற எடத்துக்குப் போவோம். பாறை ரொம்பப் பக்கத்துல தெரியுது. சாமியாரே! அந்த டீசல் வால்வைத் திறந்துவிடு, ஆபீசரம்மா மூடி வச்சிருக்காங்களாம்!

– அதை நான் இறங்கின உடனே பாத்துத் திறந்துட்டேன் மொதலாளி. என்ஜின் நின்னது அதுக்கப்புறம்.