சுருங்கிய கல்லீரல்

நியூ லின்னில் ரயிலேறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், உங்கட கல்லீரல் எங்கட வீட்டதான் கிடக்கு," என்றாள் இளையவள்.

பக்கத்து இருக்கைக்காரர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார்.

"ஐயோ, நான் தேடாத இடமில்லை! பிள்ளையள் ஓடிவந்து உறுப்பு ஒட்டுற விளையாட்டுக்கெண்டு கம்பளித் துணியில தைச்சது."

"தங்கட குழு தோக்குதெண்டு மகன் பொக்கெற்றுக்க ஒளிச்சிட்டான். நான் பாக்காமல் காற்சட்டையோட மெஷினில போட்டிட்டன். சுருங்கி அரைவாசியாப் போச்சு. புதுசு தைச்சுத் தாறன்."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். குடிச்சுப் பழுதாப்போன கல்லீரல் எண்டு காட்டிப் படிப்பிக்கலாம். நாளைக்கே கொண்டு வாங்கோ."

"நாளைக்கு ஏலாது, டீச்சர்," என்றாள் இளையவள். "முதல்ல என்ர மனுசனுக்கு ஒரு வகுப்பு எடுத்துப்போட்டுத் தாறன்."